அலமாரியில் கிடந்த புள்ளிகளும் அரூபாவில் ஒரு கிழமையும்

எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் ஒரு தடித்த நீலக் கோப்பு ஆறு வருடங்களாகக் கிடந்தது. 2016இல் பிள்ளைகளை டிஸ்னி பார்க்கவென்று ஸ்காபரோவிலிருந்து புளோரிடாவுக்குக் கூட்டிப்போனபோது வாங்கியது அது. காலைச் சாப்பாடு இலவசம், 90 நிமிடம் இருந்து கேட்டால் நுழைவுச்சீட்டில் கழிவு என்றார்கள். நான்கு மணித்தியாலம் கழித்து வெளியே வந்தபோது எங்கள் கையில் ஒரு ரைம்ஷெயர் ஒப்பந்தமும், தலையில் 14,000 அமெரிக்க டொலர் கடனும் இருந்தன.

இப்படி ஒரு கோப்பு உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும். எங்கள் சனத்தில் பலர் வாங்கியிருக்கிறார்கள். வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு வருடா வருடம் பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறார்கள். இரண்டு தடவை எங்கள் புள்ளிகள் பாவிக்கப்படாமலே காலாவதியாகிப் போயின. 2022இல்தான் அந்தக் கோப்பை முதல் தடவையாக முழுதாக வாசித்தோம். காரணம் அம்மா.

அம்மாவுக்கு அப்போது 78 வயது. அண்ணா 1989இல் நாட்டை விட்டுப் போனவர், நெதர்லாந்தில் இருக்கிறார். அதற்குப் பிறகு அம்மாவும் அண்ணாவும் சந்தித்தது மூன்றே தடவை. அதுவும் கல்யாணவீட்டுக்கும் செத்தவீட்டுக்கும் வந்து மூன்று நாளில் திரும்பிப் போன சந்திப்புகள். ஊருக்கு எல்லாரும் சேர்ந்து போவது என்ற கதை ஒவ்வொரு வருடமும் எழும்பும், ஒவ்வொரு வருடமும் அடங்கும். யாரால் போகலாம், யாரால் போகமுடியாது என்பது உங்களுக்கும் தெரிந்த சங்கதிதான். ஒன்பது பேரும் ஒரே இடத்தில் ஒரு கிழமை இருக்க ஏதாவது வழி உண்டா என்று யோசித்தபோதுதான் அந்த நீலக் கோப்பு ஞாபகம் வந்தது. அதில் நாங்கள் படித்ததை, எங்கள் பிழைகளோடு சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

புள்ளி என்றால் என்ன?

ரைம்ஷெயர் என்பது ஒரு விடுமுறை விடுதியின் வீட்டைப் பலர் பங்குபோட்டு வைத்திருக்கும் முறை. ஆரம்பத்தில் அது கிழமைக் கணக்காகவே இருந்தது. வருடத்தின் 52 கிழமைகளில் ஒன்று உங்களுடையது. அந்தக் கிழமை அந்த வீட்டில் நீங்கள் இருக்கலாம். ஐரோப்பாவில் இந்த முறையை முதலில் தொடங்கியவர்களில் 1963இல் சுவிஸில் உருவான ஹாப்பிமாக் நிறுவனமும் ஒன்று. பிறகு அது அமெரிக்காவில் பெரிய வியாபாரமாக வளர்ந்தது.

ஒரே இடத்துக்கு ஒவ்வொரு வருடமும் போக யாருக்கு விருப்பம்? அந்தக் குறையைத் தீர்க்கப் பரிமாற்ற நிறுவனங்கள் வந்தன. ஆர்.சி.ஐ 1974இல் இண்டியானாபொலிஸ் நகரில் தொடங்கியது. இன்ரர்வல் இன்ரநஷனல் 1976இல் மயாமியில் தொடங்கியது. இன்றும் இந்த இரண்டும்தான் பெரியவை. உங்கள் விடுதி எந்தப் பரிமாற்ற நிறுவனத்தோடு இணைந்திருக்கிறது என்பது உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கும்.

இங்கே பலர் பிழையாக விளங்கிக்கொள்ளும் ஒரு விசயம் உண்டு. பரிமாற்றம் என்பது உங்கள் வீட்டை நேரடியாக இன்னொருவரோடு மாற்றுவதல்ல. ஊரில் நெல்லை ஒரு பொதுக் களஞ்சியத்தில் போட்டுவிட்டு, தேவையானபோது அதே பெறுமதிக்கு வேறு தானியம் எடுப்பதுபோல நினைத்துக்கொள்ளுங்கள். அரூபாவில் ஒரு கிழமை வைத்திருப்பவர் அந்த வருடம் ஸ்பெயினுக்குப் போக விரும்பினால் தன் கிழமையைப் பொதுக் களஞ்சியத்தில் போடுவார். அப்படி யாராவது போட்டால்தான் நீங்கள் அதை எடுக்கலாம். விடுதிக்காரர்களும் விற்காத கிழமைகளை மொத்தமாகப் போடுவதுண்டு.

புள்ளி முறையில் இந்தக் கிழமைகளுக்கு ஒரு விலை எழுதப்பட்டிருக்கும். எந்த விடுதி, எத்தனை அறை, எந்தப் பருவம் என்ற மூன்றையும் வைத்து அந்த விலை போடப்படும். ஸ்ரூடியோவுக்குக் குறைவு, இரண்டு படுக்கையறைக்குக் கூட. எல்லாரும் ஓடும் பருவத்துக்குக் கூட, மற்றப் பருவத்துக்குக் குறைவு. உங்களுக்கு வருடா வருடம் ஒரு தொகைப் புள்ளி வரும். எங்களுக்கு 80,000. பாவிக்காததை அடுத்த வருடத்துக்கு நகர்த்தலாம். ஆனால் அதற்கு ஒரு கடைசித் திகதி உண்டு. சில திட்டங்களில் கட்டணமும் உண்டு. அந்தத் திகதியைத் தவறவிட்டதால்தான் எங்கள் இரண்டு வருடப் புள்ளிகள் போயின.

ஏன் அரூபா?

தீவு என்றதும் பிள்ளைகள் ஹவாய் என்றார்கள். ஆனால் நெதர்லாந்திலிருந்து ஹவாய் என்பது உலகத்தின் மறுபாதி. நாங்கள் பார்த்தது மூன்று விசயம்: இரண்டு பக்கத்துக்கும் நேரடி விமானம், காலநிலை, கடவுச்சீட்டுப் பிரச்சினை.

அரூபா கரிபியன் கடலில் வெனிசுவேலாவுக்கு வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீற்றரில் இருக்கும் சின்னத் தீவு. பரப்பளவு 180 சதுர கிலோமீற்றர்தான். நெதர்லாந்து இராச்சியத்துக்குள் இருக்கும் நான்கு நாடுகளில் ஒன்று என்பதால் ஆம்ஸ்ரடாமிலிருந்து நேரடி விமானம் உண்டு. ரொறன்ரோவிலிருந்தும் உண்டு. ரைம்ஷெயர் விடுதிகள் நிறைய உள்ள தீவு என்பதால் பொதுக் களஞ்சியத்தில் அரூபாக் கிழமைகள் அடிக்கடி வரும்.

அடுத்தது புயல். அத்திலாந்திக் புயல் காலம் யூன் 1 முதல் நவம்பர் 30 வரை. எங்கள் பிள்ளைகளின் பாடசாலை விடுமுறையும் அதற்குள்தான் வருகிறது. 2017 செப்ரெம்பரில் இர்மா சூறாவளி சென் மார்ட்டின் தீவை எப்படி அடித்தது என்று செய்தியில் பார்த்திருப்பீர்கள். அரூபா, குராசோ, பொனெயர் மூன்றும் தெற்கே தள்ளி இருப்பதால் சூறாவளிகள் வழக்கமாகப் போகும் பாதையில் இல்லை. ஒருபோதும் வராது என்றில்லை, வருவது அரிது. இன்னொரு நன்மையும் இருந்தது. கரிபியனுக்குச் சனம் குவிவது குளிர்காலத்தில். ஒகஸ்டில் கேட்பவர் குறைவு, புள்ளியும் குறைவு.

முன்பதிவு: நாங்கள் செய்த ஒழுங்கு

முதலில் திகதி. நெதர்லாந்தில் கோடை விடுமுறை ஆறு கிழமை. ஆனால் வடக்கு, நடு, தெற்கு என்று மூன்று பிரதேசங்களுக்கும் வேறு வேறு நாளில் தொடங்கும். ஒன்ராறியோவில் யூலை, ஒகஸ்ட் இரண்டு மாதமும் விடுமுறை. இரண்டையும் ஒரு தாளில் எழுதி, ஒத்துவந்த நான்கு கிழமைகளைக் குறித்துக்கொண்டோம். ஒரேயொரு கிழமைதான் வேண்டும் என்று நின்றிருந்தால் எதுவும் கிடைத்திருக்காது.

அடுத்தது ஆட்கணக்கு. விடுதி விபரத்தில் இரண்டு எண் இருக்கும். ஒன்று மொத்தம் எத்தனை பேர் படுக்கலாம் என்பது. மற்றது எத்தனை பேர் கதவு சாத்திய அறையில் படுக்கலாம் என்பது. '6, 4' என்றால் மற்ற இரண்டு பேரும் விறாந்தையில் சோபாக் கட்டிலில்தான். "ஒன்பது பேரையும் எப்படியாவது அடக்கிவிடலாம்" என்பது எங்கள் கல்யாணவீட்டுப் பழக்கம். ரைம்ஷெயர் விடுதியில் அது சரிவராது. கூட ஆள் வந்தால் உள்ளே விடமாட்டார்கள். ஆகவே ஒரு இரண்டு அறை வீடும் ஒரு ஒரு அறை வீடும் தேடினோம். முதலாவதுக்கு 60,000 புள்ளி, இரண்டாவதுக்கு 45,000. கையில் அந்த வருட 80,000, முந்திய வருடத்திலிருந்து நகர்த்திய 40,000. போதுமாக இருந்தது.

மூன்றாவது தேடல். பத்து மாதம் முன்பே தொடங்கினோம். முதல் நாள் பார்த்தபோது இரண்டு அறை வீடு ஒன்றுமே இல்லை. அந்த இடத்தில்தான் பலர் கைவிடுகிறார்கள். நாங்கள் தொடர் தேடல் என்ற வசதியைப் பாவித்தோம். வேண்டிய தீவு, திகதி, அறை எண்ணிக்கை மூன்றையும் கொடுத்து வைத்தால், யாராவது அப்படியொரு கிழமையைக் களஞ்சியத்தில் போடும்போது கணினி எங்களுக்காகப் பிடித்து வைக்கும். ஏழு கிழமை கழித்து இரண்டு அறை வீடு வந்தது. ஒரு அறை வீடு அதே விடுதியில் அதே திகதிக்குப் பிறகு கிடைத்தது.

உறுதிசெய்ய முன்பு விடுதிக் குறிப்பைக் கடைசி வரி வரை வாசியுங்கள். கரிபியனிலும் மெக்சிக்கோவிலும் சில விடுதிகளில் சாப்பாட்டுக் கட்டணம் கட்டாயம். புள்ளியில் அறை எடுத்த பிறகும் ஆளுக்கு, நாளுக்கு என்று பெரிய தொகை கேட்பார்கள். அப்படி ஒரு விடுதியை, ஒன்பது பேருக்குக் கணக்குப் பார்த்துவிட்டு, விட்டுவிட்டோம். குசினி முழுமையானதா என்றும் பாருங்கள். ஸ்ரூடியோ என்றால் பெரும்பாலும் மைக்ரோவேவும் கோப்பி இயந்திரமும்தான் இருக்கும். சோறு காய்ச்ச முடியாது.

பெயரும் பயணப் பத்திரமும்

இரண்டு வீடும் எங்கள் பெயரில்தான் பதிவு. ஆனால் அண்ணா குடும்பத்தின் விமானம் எங்களுக்கு ஐந்து மணித்தியாலம் முந்தி இறங்குகிறது. விருந்தினர் சான்றிதழ் இல்லாமல் அண்ணாவிடம் திறப்புக் கொடுக்கமாட்டார்கள். அதற்குக் கட்டணம் கட்டி எடுத்தோம். அதில் ஒரு தமிழ்ப் பிரச்சினை வந்தது. அண்ணாவை நாங்கள் கூப்பிடும் பெயர் வேறு, கடவுச்சீட்டில் இருப்பது வேறு, தகப்பன் பெயர் குடும்பப் பெயராக முன்னுக்கோ பின்னுக்கோ நிற்கிறது. முதலில் வீட்டுப் பெயரைக் கொடுத்துவிட்டுப் பிறகு மாற்றினோம். கடவுச்சீட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, அதில் உள்ளபடியே எழுதுங்கள்.

பயணப் பத்திரம் எங்களைப் போன்ற குடும்பங்களுக்குத் தனிப் பாடம். அம்மாவிடம் இருப்பது இலங்கைக் கடவுச்சீட்டும் கனடா நிரந்தர வதிவிட அட்டையும். அந்த அட்டை இருந்தபடியால் அரூபாவுக்கு அம்மாவிடம் தனி வீசா கேட்கவில்லை. ஆனால் அமெரிக்கா வழியாகப் போகும் மலிவான சீட்டை எடுத்திருந்தால், விமானம் மாறுவதற்கே அமெரிக்க வீசா தேவைப்பட்டிருக்கும். ஆகவே நேரடி விமானம். அட்டை காலாவதியாக இரண்டு மாதம்தான் இருந்தது; அதையும் முன்கூட்டியே புதுப்பித்தோம். அட்டை செல்லாதென்றால் கனடாவுக்குத் திரும்பி வர விமானம் ஏற்றமாட்டார்கள்.

அகதிப் பயண ஆவணத்தில் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். ஒரு நாட்டின் கடவுச்சீட்டுக்கு உள்ள வீசா விலக்கு அந்த ஆவணத்துக்குத் தானாகப் பொருந்தாது. புள்ளியைச் செலவழிக்க முன்பு அந்த நாட்டுத் தூதரகத்திடம் எழுத்தில் கேளுங்கள். அண்ணாவின் மகளிடம் நெதர்லாந்து அடையாள அட்டை மட்டும் இருந்தது. ஐரோப்பாவுக்குள் அது போதும். அரூபாவுக்குக் கடவுச்சீட்டே வேண்டும். அரூபா நெதர்லாந்து இராச்சியத்தில் இருந்தாலும் ஷெங்கன் வலயத்தில் இல்லை.

உண்மையில் என்ன செலவு?

இலவச விடுமுறை என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். எங்கள் வீட்டுக் கணக்கை அமெரிக்க டொலரில் அப்படியே தருகிறோம். 80,000 புள்ளிக்கு வருடப் பராமரிப்புக் கட்டணம் 1,240. பாவித்த 105,000 புள்ளிக்குக் கணக்குப் பார்த்தால் 1,628. பரிமாற்றக் கட்டணம் இரண்டு வீட்டுக்கும் 580. பரிமாற்ற நிறுவன உறுப்புரிமை 120. விருந்தினர் சான்றிதழ் 90. விடுதியில் நேரில் கட்டிய வரியும் கட்டணமும் 280. எல்லாமாக 2,698. விமானச் செலவு இதற்குள் இல்லை.

அதே இரண்டு வீட்டையும் அதே கிழமைக்கு வாடகைக்கு எடுக்க இணையத்தில் கேட்ட விலை 3,500. அதாவது எங்களுக்கு மிஞ்சியது ஏறத்தாழ 800 டொலர். நாங்கள் முதலில் கொடுத்த 14,000 டொலரை இந்த வேகத்தில் மீட்க, வட்டியைச் சேர்க்காமலே, பதினேழரை வருடம் வேண்டும். அதுவும் ஒரு வருடம்கூடத் தவறாமல் இப்படிப் பாவித்தால்.

ஆகவே எங்கள் கருத்து இதுதான். ஏற்கெனவே புள்ளி வைத்திருப்பவர்கள் அதை வீணாக்காமல் பாவியுங்கள். இல்லாதவர்கள் இந்தக் கட்டுரையை வாசித்துவிட்டு வாங்கப் போகாதீர்கள். சொந்தக்காரரிடமிருந்து ஒரு கிழமை வாடகைக்கு எடுத்தாலே காரியம் முடிந்துவிடும்.

கையெழுத்து வைத்தவர்களுக்கு

அரூபாவில் இறங்கிய மறுநாள் காலை வரவேற்பு மேசையில் ஒரு புன்னகை எங்களுக்காகக் காத்திருந்தது. "உங்கள் புள்ளியைத் தரமுயர்த்தலாம், ஒரு காலைச் சாப்பாட்டுக்கு வாங்கோ" என்ற அதே கதை. வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. பரிமாற்றத்தில் வந்தவர் அந்தக் கூட்டத்துக்குப் போகவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

அண்மையில் கையெழுத்து வைத்தவர்கள் திகதியைப் பாருங்கள். ஒன்ராறியோவில் ஒப்பந்தப் பிரதி கைக்கு வந்து 10 நாளுக்குள் காரணம் சொல்லாமல் விலகலாம். ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரித்தானியாவிலும் 14 நாள்; அந்த நாட்களுக்குள் உங்களிடம் முற்பணமே வாங்கக்கூடாது. புளோரிடாவில் 10 நாள். வெளிநாட்டில் வாங்கியிருந்தால் பெரும்பாலும் அந்த இடத்துச் சட்டம்தான் பொருந்தும். விலகுவதாக இருந்தால் ஒப்பந்தத்தில் சொன்ன முறைப்படி எழுத்தில் அனுப்பி, அனுப்பியதற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் 10 நாள் அவகாசத்தைப் பற்றி நாங்கள் வாசித்தது ஆறு வருடம் கழித்து.

"உங்கள் ரைம்ஷெயரை நல்ல விலைக்கு வாங்க ஆள் இருக்கிறது, முதலில் வரிப்பணம் அனுப்புங்கள்" என்று தொலைபேசி வந்தால் வைத்துவிடுங்கள். இந்த மோசடியின் பின்னால் மெக்சிக்கோ போதைப்பொருள் கும்பல் ஒன்று இருப்பதாகச் சொல்லி அமெரிக்கத் திறைசேரி 2023இல் தடைகளே விதித்தது. வயதானவர்களைத்தான் அதிகம் குறிவைக்கிறார்கள்.

இன்னொன்று, சில ஒப்பந்தங்கள் ஆயுள் முடிந்த பின்பும் தொடர்வன. பராமரிப்புக் கட்டணம் பிள்ளைகளின் தலையில் விழாமல் இருக்க, திருப்பி ஒப்படைக்கும் திட்டம் உண்டா என்று விடுதியிடமே முதலில் கேளுங்கள். நாங்களும் எழுதிக் கேட்டிருக்கிறோம்.

அந்தக் கிழமை

2023 ஒகஸ்டில் போனோம். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். கடல்நீரைச் சுத்திகரித்து வருகிறது. ஒக்சிபென்சோன் கலந்த வெயில் கிறீம்களை அங்கே தடைசெய்திருக்கிறார்கள். வாங்க முன்பு போத்தலைப் பாருங்கள். மேற்குக் கரைக் கடல் குளம்போல இருக்கும். காற்று ஓயாது, வெயில் தெரியாமல் சுட்டுவிடும்.

இரண்டாம் நாள் சவனேற்றா என்ற மீனவர் கிராமத்துக்கு அம்மாவைக் கூட்டிப்போனோம். மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இண்டைக்குப் பிடிச்சதுதான்" என்றா. கொண்டுபோன தூளில் குழம்பு வைத்தா. அண்ணாவின் பிள்ளைகளும் எங்கள் பிள்ளைகளும் டச்சு, ஆங்கிலம், அரைகுறைத் தமிழ் மூன்றிலும் சண்டை பிடித்தார்கள். அடுத்தடுத்த நாட்களில் அண்ணா விடிய எழும்பித் தேத்தண்ணி போட்டுக்கொண்டு போய் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தார். இருவரும் பெரிதாக ஒன்றும் கதைக்கவில்லை. கடலுக்குள் கால் வைத்த முதல் நாள் மட்டும் அம்மா சொன்னா: "தண்ணி எங்கட பக்கம் மாதிரிச் சூடாக் கிடக்கு."

அம்மா பிறந்தது பருத்தித்துறையில். கனடாவுக்கு வந்து 19 வருடத்தில் அவ பார்த்தது ஒன்ராறியோ ஏரி மட்டும்தான்.

எங்களிடம் இன்னும் 15,000 புள்ளி மிச்சம் இருக்கிறது. அதன் கடைசித் திகதியை இந்தத் தடவை நாட்காட்டியில் சிவப்பு மையால் எழுதிக் குசினிச் சுவரில் மாட்டியிருக்கிறோம். உங்கள் கோப்பையும் இன்று இரவே எடுத்து, முதலில் அந்தத் திகதியைத் தேடிப் பாருங்கள்.